கைக்குத் திரும்பிய தோட்டா

பழைய பிரிட்டிஷ் இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றின் குழல்களைக் கழற்றித் திருப்பிப் பிடித்தால், அடியில் தட்டையாக இழைத்த பரப்பில் சோதனைச்சாலை முத்திரைகளும் அவற்றுக்கு நடுவே சில எழுத்துகளும் எண்களும் தெரியும். .470 ரகத் துப்பாக்கியானால் பெரும்பாலும் ‘கார்டைட் 75-500 மேக்ஸ்’ என்று வெட்டியிருப்பார்கள். 75 கிரெய்ன் கார்டைட் மருந்து, 500 கிரெய்ன் எடையுள்ள குண்டு, அதற்கு மேல் போகக்கூடாது என்று அதற்குப் பொருள். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய பதினைந்தரை கிரெய்ன். ஆக, ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவான மருந்து 32 கிராம் குண்டைத் தள்ளுகிறது.

மற்றத் துப்பாக்கிகளில் தோட்டாவை மாற்றலாம், இலக்குக்காட்டியைத் திருகிச் சரிசெய்துகொள்ளலாம். இரட்டைக்குழல் ரைஃபிளில் அது நடக்காது. குழல்கள் இரண்டும் குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்காகவே இணைக்கப்பட்டவை. அந்தத் தோட்டா இல்லாமல் போனால் துப்பாக்கி பாதி உடலை இழந்துவிடுகிறது.

அப்படி ஒருமுறை உண்மையாகவே நடந்தது. தோட்டா செய்துவந்த ஆலை கடையைக் கட்டியது. உலகின் மிக நேர்த்தியான துப்பாக்கிகளில் சில, சுடுவதற்கு ஒன்றுமில்லாமல் அலமாரியில் கிடந்தன. அவற்றை வைத்திருந்தவர்கள் தங்கள் மேசையில் உட்கார்ந்து பழைய தோட்டாவைத் திரும்பச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பெருங்குழல் இரட்டை ரைஃபிளுக்குத் தோட்டா அடைக்கும் இன்றைய கலை அப்படித்தான் உருவானது. ஆனால் வேர் அதற்கும் முந்தையது. ஒரு காலத்தில் எல்லா வேட்டைக்காரர்களின் கையிலும் இருந்த வேலை அது.

கரிமருந்தின் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தோட்டா என்று கடையில் வாங்கும் பொருள் பெரிதாக எதுவும் இல்லை. குழலின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கழியால் கெட்டித்துச் சுட வேண்டும். எவ்வளவு மருந்து, எந்தக் குண்டு என்பது சுடுகிறவரின் தீர்மானம்.

கரிமருந்தின் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. மேலும் மேலும் மருந்து போட்டாலும் புகையும் கசடும் உதைப்பும் கூடுமே தவிர, குண்டின் வேகம் அந்த அளவுக்குக் கூடாது. யானையின் மண்டையோட்டைத் துளைக்க வேண்டுமானால் குண்டின் எடையைக் கூட்டுவது ஒன்றே வழி. இலங்கை மலைநாட்டில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 1840-இல் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பவரிடம் செய்வித்துக்கொண்ட ரைஃபிள் 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ எடையுள்ளது. மூன்று அவுன்ஸ் உருண்டைக் குண்டையோ நான்கு அவுன்ஸ் கூம்புக் குண்டையோ எறிவதற்கு அதில் 16 டிராம், ஏறக்குறைய 28 கிராம் கரிமருந்து போட வேண்டும். அதே மலைநாட்டில் மேஜர் ராஜர்ஸ் என்ற அதிகாரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்று, 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இந்தத் துப்பாக்கிகளின் வரலாற்றில் இந்தப் பெருங்கொலையும் சேர்ந்தே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அவற்றின் கைவேலையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

நூற்றாண்டின் நடுவில் பின்பக்கம் திறந்து தோட்டா போடும் துப்பாக்கி வந்தது. பிரான்ஸின் லெஃபோஷோ வகுத்த மடக்குத் துப்பாக்கி முறை 1851 லண்டன் பொருட்காட்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் பட்டறைகளில் பரவியது. 1856-இல் ஜேம்ஸ் பர்டி ‘எக்ஸ்பிரஸ் ட்ரெயின்’ என்று பெயரிட்ட ரைஃபிள்களை விற்றார். எடை குறைந்த குண்டு, நிறைய மருந்து, அதனால் வளையாத பாதை என்பது அவற்றின் சூத்திரம். மானுக்கும் புலிக்கும் அது போதும், யானைக்குப் போதாது.

எக்ஸ்பிரஸ் ரைஃபிள் வாங்கியவருக்குத் துப்பாக்கி மட்டும் வரவில்லை. தோல் உறையிட்ட பெட்டியில் குண்டு வார்க்கும் அச்சு, மருந்தளக்கும் கிண்ணி, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பைப் பொருத்தும் கருவி, தோட்டா வாயை மடக்கும் கருவி எல்லாம் சேர்ந்து வந்தன. காட்டில் கூடாரம் அடித்து மாதக்கணக்கில் இருக்கிறவர் சுட்ட பித்தளைக் கூடுகளைக் கழுவி, இரவு விளக்கொளியில் மறுநாளைக்கான தோட்டாக்களை அடைத்துக்கொள்வார். அது அன்றைய வேட்டைக்காரரின் சாதாரண வேலை.

கார்டைட் வந்தது

1884-இல் பிரான்ஸில் பால் வியேய் புகையில்லா மருந்தைச் செய்தார். 1889-இல் பிரிட்டனில் ஃபிரெடெரிக் ஏபல், ஜேம்ஸ் டூயர் இருவரும் கார்டைட்டை உருவாக்கினார்கள். 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு பெட்ரோலிய ஜெல்லி சேர்ந்தது அது. அசிட்டோனில் குழைத்து, சிறு துளைவழியே அழுத்தி, நூல்நூலாக இழுத்து, உலர்த்தி எடுத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசு அதைச் செய்யவே நீலகிரியில் ஓர் ஆலை கட்டியது. குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் இன்றும் இயங்கும் கார்டைட் ஃபேக்டரி அதுதான்.

ஜான் ரிக்பி 1887 முதல் 1894 வரை என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கி ஆலையின் கண்காணிப்பாளராக இருந்தார். ராணுவத்தின் .303 ரைஃபிளும் கார்டைட்டும் ஒன்றுக்கொன்று பழகிக்கொண்ட ஆண்டுகள் அவை. அங்கே கற்றதை அவர் தன் குடும்பத்துத் துப்பாக்கித் தொழிலுக்குக் கொண்டுபோனார். 1898-இல் வந்தது .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ். கரிமருந்துக் காலத்தில் புழங்கிய மூன்றேகால் அங்குல .450 கூட்டையே எடுத்து, அதில் 70 கிரெய்ன் கார்டைட்டையும் 480 கிரெய்ன் குண்டையும் வைத்தார்கள். விநாடிக்கு 2150 அடி வேகம். பேக்கரின் ரைஃபிளில் பாதி எடையே உள்ள துப்பாக்கி, அதைவிட ஆழமாகத் துளைத்தது. முகத்துக்கு முன்னால் புகைத்திரையும் இல்லை. நான்கு அவுன்ஸ் குண்டுகளின் காலம் அத்துடன் முடிந்தது.

அந்தத் தோட்டாவின் வடிவத்தில் வெப்ப நாடுகளின் கட்டாயம் தெரிகிறது. கார்டைட் சூடானால் அழுத்தம் கூடும். கொளுத்தும் வெயிலில் கிடந்த தோட்டாவைச் சுட்டதும் கூடு விரிந்து அறையில் ஒட்டிக்கொண்டால், மடக்குத் துப்பாக்கியில் அதை இழுத்தெடுக்கும் வலு குறைவு. எதிரே அடிபட்ட காட்டெருமை நிற்கும்போது கூடு வெளியே வரவில்லை என்றால் ஆள் பிழைப்பது அரிது. அதனால்தான் பெரிய கூடு, கொஞ்சம் மருந்து, குறைந்த அழுத்தம், பிடித்து இழுக்க வாகான விளிம்பு. வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைக் குறைத்து அடைத்த தோட்டாக்களும் தனியே விற்றன.

அத்துடன் தோட்டா அடைப்பது வேட்டைக்காரரின் கையைவிட்டுப் போனது. கரிமருந்து பிழை பொறுக்கும். கிண்ணியில் ஒரு சிட்டிகை கூடினாலும் குறைந்தாலும் ஆபத்தில்லை. கார்டைட் பொறுக்காது. நூல்களை அளவாக நறுக்கி, கூட்டின் வாயைக் குறுக்குவதற்கு முன்பே உள்ளே வைத்து, மேலே அட்டைவில்லை வைத்து அடைக்க வேண்டும். அது ஆலையின் வேலை. பர்மிங்காம் நகரத்து விட்டனில் இருந்த கைனாக் ஆலை அதை எடுத்துக்கொண்டது. அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகள் நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டா என்றாலே கைனாக்தான்.

இரண்டு குழலும் ஒரு தோட்டாவும்

இரட்டைக்குழல் ரைஃபிளை ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்குப் பழக்குவது துப்பாக்கித் தொழிலிலேயே கடினமான வேலைகளில் ஒன்று. ஏரில் பூட்டிய வலத்தை மாடும் இடத்தை மாடும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கப் பார்க்கும். உழவன்தான் இரண்டையும் ஒரே சாலில் நடத்துகிறான். குழல்களும் அப்படியே. வலது குழல் துப்பாக்கியின் நடுக்கோட்டுக்கு வலப்புறம் இருப்பதால், சுட்டதும் உதைப்பு துப்பாக்கியை மேலேயும் வலப்பக்கமும் திருப்பும். குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்தத் திருப்பம் தொடங்கிவிடுகிறது. இடது குழல் இடப்பக்கம் திருப்பும். குழல்களை இணையாக வைத்தால் குண்டுகள் விலகிப் போகும். ஆகவே முன்முனைகள் ஒன்றையொன்று நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கும்படி இணைக்கிறார்கள்.

எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு மட்டும் சொல்லிவிட முடியாது. முன்முனையில் குழல்களுக்கு நடுவே ஓர் ஆப்பு இருக்கும். தேர்ந்த தொழிலாளி அந்தத் துப்பாக்கிக்கு உரிய தோட்டாவை வைத்து இரண்டு குழலிலும் மாறிமாறிச் சுட்டுப் பார்ப்பார். பிறகு முனையைச் சூடாக்கி, பற்றாசை இளக்கி, ஆப்பை இம்மியளவு நகர்த்தி, ஆறவைத்து மறுபடி சுடுவார். இரண்டு குழலின் குண்டுகளும் பக்கம்பக்கமாக, ஒன்றையொன்று குறுக்கே வெட்டாமல் போகும்வரை இதே வேலை. எல்லாம் சரியானபின் பற்றாசு வைத்து நிரந்தரமாக்குவார்.

இதில் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. குண்டு மெதுவாகப் போனால் குழலுக்குள் அதிக நேரம் இருக்கும். அதற்குள் துப்பாக்கி அதிகம் திரும்பிவிடும். வலது குண்டு வலப்பக்கமும் இடது குண்டு இடப்பக்கமும் அகன்று விழும். வேகம் மிகுந்தால் துப்பாக்கி திரும்புவதற்கு முன்பே குண்டு வெளியேறி, இரண்டின் பாதையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். வாங்கியவர் திருகிச் சரிசெய்ய இங்கே எந்தத் திருகும் இல்லை. தொழிலாளி அன்று சுட்ட தோட்டாவின் வேகம் அந்தப் பற்றாசுக்குள் உறைந்துபோயிருக்கிறது.

ஒரு தடையில் பிறந்த .470

.450 பிறந்த பத்தாண்டுக்குள்ளேயே இந்தியாவில் ஒரு சிக்கல் முளைத்தது. பழைய மார்ட்டினி-ஹென்ரி ராணுவத் துப்பாக்கிகளின் குழலும் .450 அளவுதான். அவை கிளர்ச்சியாளர்கள் கைக்கும் போயிருந்தன. வேட்டைக்கென்று இறக்குமதியாகும் .450 தோட்டாவின் குண்டுகள் அவர்களுக்குப் பயன்பட்டுவிடுமோ என்று பிரிட்டிஷ் அரசு அஞ்சியது. இந்தியாவுக்கும் சூடானுக்கும் .450 ரகத்தைக் கொண்டுவரத் தடை போட்டது.

துப்பாக்கிக்காரர்களுக்கு இந்தியா பெரிய சந்தை. ஒவ்வொரு பட்டறையும் .450-ஐவிடச் சற்றே பெரிய அளவில் தனக்கென ஒரு தோட்டாவை வகுத்தது. ஹாலண்டு அண்ட் ஹாலண்டு .500/465 கொண்டுவந்தது. ஜெஃப்ரி .475 நம்பர் 2 கொண்டுவந்தார். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் .476 செய்தது. 1907-இல் ஜோசப் லாங் நிறுவனம் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸை வெளியிட்டது. 500 கிரெய்ன் குண்டு, விநாடிக்கு 2150 அடி. வேலையைப் பொறுத்தவரை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் .470 எந்தப் பட்டறைக்கும் உரிமையாகப் பூட்டி வைக்கப்படவில்லை. யார் வேண்டுமானாலும் அந்த அளவில் துப்பாக்கி செய்யலாம். எனவே அதுவே மிக அதிகமாகப் பரவியது.

தடையின் விளைவு பிற்காலத்துக்கும் நீண்டது. சிறு வித்தியாசமே உள்ள அரை டஜன் தோட்டாக்கள். ஒன்றின் குண்டு மற்றதற்குப் பொருந்தாது, ஒன்றின் கூடு மற்றதில் நுழையாது. கைனாக் அத்தனையையும் செய்துகொண்டிருந்தவரை யாருக்கும் அது சுமையாகத் தெரியவில்லை.

ஆலை நின்றது

1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆப்பிரிக்காவிலும் பேரரசு கலைந்தது. 1956-இல் அமெரிக்காவின் வின்செஸ்டர் நிறுவனம் .458 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவைக் கொண்டுவந்தது. .450 நைட்ரோ எக்ஸ்பிரஸின் வேலையைச் செய்யும் என்று சொல்லி, மலிவான ஒற்றைக்குழல் ரைஃபிளோடு விற்றார்கள். ஆயிரம் மணி நேரக் கைவேலையில் பிறந்த துப்பாக்கிக்கு அந்த விலையோடு போட்டியிட முடியவில்லை. கைனாக் பெரிய தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டு, 1970-ஐ ஒட்டி முற்றாக நிறுத்தியது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. நம் காடுகளுக்கு அது மிக நல்ல முடிவு.

மிச்சமிருந்த பழைய தோட்டாக்களின் விலை ஏறிக்கொண்டே போனது. நம்பிக்கை இறங்கிக்கொண்டே போனது. ஐம்பது ஆண்டு வெப்பத்தில் கிடந்த கார்டைட் ஒருமுறை ஒழுங்காகச் சுடும், மறுமுறை தாமதித்து வெடிக்கும். கூட்டை மீண்டும் பயன்படுத்துவதும் எளிதாயில்லை. கைனாக் கூடுகளில் பெர்டான் வகைக் கேப் இருந்தது. அதில் அடைகல் கூட்டின் பகுதியாகவே நடுவில் நின்று, இருபுறமும் இரண்டு சிறு துளைகள் இருக்கும். பாக்ஸர் வகைபோல் நடுத்துளையில் ஊசி விட்டுப் பழைய கேப்பைத் தள்ளி எடுக்க முடியாது. பழைய கேப்புகளில் பாதரசக் கலவையும் உண்டு. ஒருமுறை சுட்டதும் பாதரசம் பித்தளையில் ஊறி அதை நொறுங்கக்கூடியதாக்கிவிடும். வெளியே பளபளக்கும் கூடு அடுத்த வெடிப்பில் கிழியலாம்.

மேசையில் நடந்த மறுபிறப்பு

இந்த நிலையில்தான் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிலர் இறங்கினார்கள். அந்த நாடுகளில் தோட்டா அடைக்கும் பழக்கம் அறுபடாமல் இருந்தது. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வைத்திருந்த .450/400 ஜெஃப்ரி இரட்டைக்குழல் ரைஃபிள் பின்னாளில் அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்திடம் போய்ச் சேர்ந்தது. வாழ்நாளெல்லாம் தன் தோட்டாவைத் தானே அடைத்துக்கொண்டவர் அவர்.

தேவைகள் மூன்று: கூடு, குண்டு, அறிவு.

குண்டில் .450 வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அதிர்ஷ்டம் இருந்தது. அதன் சந்தையை அழித்த .458 வின்செஸ்டருக்கும் அதற்கும் குண்டின் விட்டம் ஒன்றே. எந்தக் கடையிலும் கிடைத்தது. .470, .465, .475 எல்லாம் அனாதைகள். அவற்றுக்குக் குண்டு தந்தவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் முர்டோவா என்ற சிற்றூரில் வுட்லி குண்டுகளைத் தொடங்கிய ஜெஃப் மெக்டொனால்டு. பழைய கைனாக் குண்டின் எடையையும் வடிவத்தையும் அப்படியே பின்பற்றி, மெல்லிய பழங்காலக் குழல்களை வருத்தாதபடி அவர் குண்டுகளைச் செய்தார். பித்தளைக் கூட்டை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜிம் பெல் செய்தார். அவர் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமும் பெல் என்றே ஒலித்தது. பாக்ஸர் கேப்புக்குப் பொருந்தச் செய்த புதிய கூடு அது.

மூன்றாவதான அறிவு தேடித்தேடிச் சேர்க்கப்பட்டது. கார்டைட் இனிக் கிடைக்காது. இன்றைய மணிமணியான மருந்துகளில் எது, எவ்வளவு போட்டால் பழைய வேகம் வரும்? பழைய அழுத்தத்தைத் தாண்டாமல் வருமா? 1970, 80-களில் தனியாள் வாங்கக்கூடிய விலையில் வேகமானி வந்தது இந்தக் கேள்விகளுக்குப் பெரிய துணையானது. அதுவரை அட்டையில் விழும் துளையைப் பார்த்து ஊகித்ததை இப்போது எண்ணாக அளக்க முடிந்தது. ஆஸ்திரேலியரான கிரேம் ரைட் நூற்றுக்கணக்கான சேர்க்கைகளைச் சோதித்து, ‘ஷூட்டிங் தி பிரிட்டிஷ் டபுள் ரைஃபிள்’ என்ற நூலில் தொகுத்தார். இந்தத் துறையில் இறங்குகிற எவரும் முதலில் வாங்குகிற புத்தகம் அது.

இப்படித் தோட்டா அடைத்தவர்கள் மோதிய ஒரு தடை கரிமருந்துக் காலத்திலிருந்து வந்தது. மூன்றேகால் அங்குலக் கூடு கரிமருந்தால் நிரம்ப வேண்டும் என்று வகுத்த அளவு. புதிய மருந்து கொஞ்சம் போதும், மிச்சம் வெற்றிடம். படுத்த நிலையிலுள்ள தோட்டாவில் மருந்து ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும், கேப்பின் தீ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும், வேகம் சீராக வராது. குழல்களின் ஒற்றுமை வேகத்தில்தான் இருக்கிறது என்பதால் அந்தச் சீரின்மையைப் பொறுக்க முடியாது. மருந்தைக் கேப்போடு ஒட்டி நிறுத்த நடுவே ஏதாவது அடைக்க வேண்டியிருந்தது. நுரைத் துண்டு, செயற்கைப் பஞ்சு, கபோக் என்று பலதும் முயன்றார்கள். கபோக் என்பது நமக்குத் தலையணைக்குள் தெரிந்த இலவம்பஞ்சேதான். போடிப் பக்கத்து மரங்களில் காய்க்கும் அதே பஞ்சு யானைத் துப்பாக்கியின் தோட்டாவுக்குள் இடம்பிடித்தது.

1989-இல் அமெரிக்காவின் ஃபெடரல் நிறுவனம் .470 தோட்டாவை ஆலையில் மறுபடி செய்யத் தொடங்கியது. 1990-களில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் டேவிட் லிட்டில் நடத்திய கைனாம்கோ, கைனாக் பெயரிலேயே பழைய தோட்டாக்களை மீண்டும் கொண்டுவந்தது. ஒரு தலைமுறைக் காலம் மேசைகளில் உயிர்த்திருந்த தேவையைப் பார்த்துத்தான் ஆலைகள் திரும்பி வந்தன.

தொடங்குகிறவருக்கு

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு தொடங்குகிறவருக்கும் தெரியாமல் தொடங்குகிறவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. தெரியாதவர் மருந்திலிருந்து தொடங்குவார். தெரிந்தவர் துப்பாக்கியிலிருந்து தொடங்குவார். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இது அனுமதிக்கப்பட்ட நாடுகளில், உரிய உரிமத்தோடு செய்யும் வேலை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது ஆயுதச் சட்டப்படி குற்றம்.

முதல் வேலை, இந்தத் துப்பாக்கிகளை அறிந்த தொழிலாளியிடம் குழல்களையும் பூட்டையும் சோதிப்பது. அடுத்தது, அடிப்பரப்பின் முத்திரைகளைப் படிப்பது. கரிமருந்துக் கால .450 துப்பாக்கிக்கும் ரிக்பியின் நைட்ரோ .450 துப்பாக்கிக்கும் மூன்றேகால் அங்குலக் கூடு ஒன்றே என்று பார்த்தோம். நைட்ரோ தோட்டா கரிமருந்துத் துப்பாக்கியிலும் நுழையும். சுட்டால் துப்பாக்கியும் கையும் போகலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த முத்திரைகள் மட்டுமே.

மூன்றாவது, குழலை அளப்பது. எண்ணெய் பூசிய மென்மையான ஈயத் துண்டைக் குழல் வழியே மெல்லத் தள்ளி எடுத்தால் உள்ளளவு ஈயத்தில் பதிந்து வரும். பழைய பட்டறைகளின் குழல்கள் ஒன்றுக்கொன்று நூலிழை மாறும். குழலைவிடப் பெரிய, கடினமான குண்டைத் தள்ளினால் உள்ளே இருக்கும் புரியின் தடம் குழலின் வெளிப்பக்கம் புடைத்துத் தெரியத் தொடங்கும். பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

நான்காவது, புதிய பாக்ஸர் கூடுகள். பழைய கைனாக் கூடுகளைச் சேகரிப்பாளருக்குக் கொடுத்துவிடலாம். ஐந்தாவது, மருந்து. அளவைச் சோதித்து அச்சிட்ட நூலிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும்; நண்பர் சொன்னார் என்றோ கட்டுரையில் படித்தேன் என்றோ எடுக்கக்கூடாது. நூலில் நடு அடைப்பு சொல்லியிருந்தால் அதே அடைப்பு, அதே அளவு. அடைப்பை மாற்றினால் அழுத்தமும் மாறும். பெரிய கூட்டுக்குள் மருந்தை இரண்டு முறை கொட்டிவிட்டாலும் வெளியே தெரியாமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு கூட்டையும் விளக்கொளியில் பார்த்துவிட்டே குண்டை வைக்க வேண்டும்.

இரட்டைக்குழலுக்கே உரிய இரண்டு கவனங்கள் உண்டு. மடக்குத் துப்பாக்கியில் தோட்டாவை அறைக்குள் நெருக்கித் தள்ளும் வலு இல்லை. அடைத்து முடித்த ஒவ்வொரு தோட்டாவும் தன் எடையிலேயே அறைக்குள் விழ வேண்டும். வெளியே கவிழ்த்தாலும் விழ வேண்டும். மற்றொன்று, கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் இறுக மடக்குவது. வலது குழல் சுட்டதும் துப்பாக்கி பின்னால் பாய்கிறது; இடது குழலில் காத்திருக்கும் தோட்டாவும் அதோடு பாய்கிறது; குண்டு மட்டும் இருந்த இடத்தில் நிற்கப் பார்க்கும். மடிப்பு தளர்ந்தால் குண்டு கூட்டிலிருந்து நழுவி வெளியே வந்துவிடும்.

பிறகுதான் சுட்டுப் பார்ப்பது. துப்பாக்கியை மணல்மூட்டையில் அழுத்தி வைத்துச் சுட்டால் உதைப்பின் திருப்பம் மாறிவிடும். கையால் பிடித்து, கையைத் தாங்கியில் வைத்து, அன்று பட்டறையில் சுட்டதுபோலவே சுட வேண்டும். வலதும் இடதுமாக மாறிமாறிச் சுட்டு, வேகமானியையும் அட்டையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். துளைகள் அகன்றால் வேகம் குறைவு. குறுக்கே வெட்டினால் வேகம் அதிகம். மருந்தைக் குறைக்க வேண்டும். நூல் சொல்லும் எல்லைக்குள்ளேயே மெல்ல நகர்ந்துகொண்டிருந்தால், ஏதோ ஒரு வேகத்தில் இரண்டு குழலும் சேர்ந்துவிடும். அந்த வேகம் பெரும்பாலும் விநாடிக்கு 2150 அடிக்குப் பக்கத்திலேயே, பழைய அட்டவணை சொன்ன இடத்திலேயே இருக்கும்.

இந்தக் கலையில் நான் மிகவும் மதிக்கும் குணம் அடக்கம். மற்றத் துப்பாக்கிகளுக்கு அடைக்கிறவர்கள் இன்னும் வேகம், இன்னும் தூரம் என்று தேடுவார்கள். இங்கே புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. எப்போதோ மறைந்த ஒரு தொழிலாளி ஆப்பை நகர்த்தி நகர்த்தித் தீர்மானித்த ஒன்றை மறுபடி அடைவதுதான் வேலை. அவரைவிட நன்றாகத் தெரியும் என்று நினைப்பவரின் குழல்கள் ஒருபோதும் ஒன்றுசேர்வதில்லை.

அடைந்துவிட்டால் இன்னும் ஒரு கடமை இருக்கிறது. எந்தக் கூடு, எந்தக் கேப், எந்த மருந்து எத்தனை கிரெய்ன், எந்தக் குண்டு, என்ன அடைப்பு, என்ன வேகம் என்று தெளிவாக எழுதி, அந்தத் தாளைத் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். நன்றாகப் பேணிய இரட்டைக்குழல் ரைஃபிள் மூன்று, நான்கு பேரின் ஆயுளைத் தாண்டி இருக்கும். ஆலை நின்றபோது ஒரு தலைமுறை திகைத்ததற்குக் காரணம், அடைக்கும் முறை முழுவதும் ஒரே இடத்தில் தங்கியிருந்ததுதான். அந்த நிலை மறுபடி வராமல் இருக்க, தெரிந்ததை ஒவ்வொருவரும் எழுதிவைத்துவிட்டுப் போனால் போதும்.